ஆழ்விண்வெளிக் கதையில் அச்சம் பிறக்காமல் வியப்பு மட்டும் மிஞ்சுவது ஏன்?

கேள்வி: பழையாற்றங்கரை (நாகர்கோவில்)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, எழுதியவற்றை வாசித்துப் பேசுவது வழக்கம். இரண்டு ஆண்டுகளாக நான் எழுதிவரும் அறிவியல் குறுநாவலின் முக்கியமான அத்தியாயத்தைச் சென்ற கூட்டத்தில் வாசித்தேன். ‘பஃறுளி’ என்னும் விண்கலம் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் முப்பது ஆண்டுகள் பயணம் செய்து, சூரியனிலிருந்து மூன்று ஒளியாண்டுத் தொலைவை எட்டியிருக்கிறது. கலத்தில் இருக்கும் ஒன்பது பேரும் ஒரு நாள், தங்களுக்கு முன்னால் தெரிந்துகொண்டிருந்த விண்மீன்கள் ஒவ்வொன்றாக மறைவதைக் காண்கிறார்கள். கோள்களை விடப் பெரிய ஓர் உயிர் அவற்றை மறைத்தபடி நிற்கிறது. அதற்கு எண்ணற்ற கைகள். ஆயிரம் கண்களும் ஒரே நேரத்தில் திறந்து கலத்தை நோக்குகின்றன. என்னால் இயன்ற அளவு விரிவாகவே எழுதியிருந்தேன்.

வாசித்து முடித்ததும் சிறிது நேரம் அமைதி நிலவியது. அஞ்சிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்போது, பேரனை அழைத்துப் போக வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி, “இது சாமியைப் போலத்தானே இருக்கிறது, இதற்கு எதற்குப் பயப்பட வேண்டும்?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குக் கைகூப்பத் தோன்றியிருக்கிறது. மற்றவர்களும் அதையே வேறு சொற்களில் கூறினார்கள். பிரமிப்பாக இருந்தது என்றார்கள்; அச்சமாக இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

எனக்கு அந்த அச்சம் தெரியும் என்பதால்தான் இதை இங்கே கேட்கிறேன். பத்து வயதில், ஊர் முழுவதும் மின்சாரம் நின்றுபோயிருந்த ஓர் இரவில், மொட்டைமாடியில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தக் கருமை எனக்கு மேலே இருப்பதாகத் தோன்றாமல் கீழே இருப்பதாகத் தோன்றியது. அதற்குள் விழுந்துவிடுவேன் என்று அஞ்சி, தண்ணீர்த் தொட்டியின் குழாயை இறுகப் பற்றிக்கொண்டேன். நாற்பது வயதாகியும் அந்தக் குழாயின் குளிர்ச்சி உள்ளங்கையில் இருக்கிறது. அதைத்தான் எழுத விரும்புகிறேன். ஆனால் எழுதும்போது அது விசுவரூப தரிசனமாக மாறிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?


பதில்: அதங்கோட்டு மாணவன்

ஐயா, உங்கள் கேள்விக்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று சொன்னால் வலிந்து பொருத்துவதாக எண்ண வேண்டாம். அந்த நூல் அரங்கேறியபோது கேட்டு ஆராய்ந்தவராகச் சொல்லப்படும் அதங்கோட்டாசானை எங்கள் ஊர்க்காரராகவே கருதி வளர்ந்தவன் நான். ஆகவே எதற்கும் முதலில் அங்கே தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியல் என்னும் பகுதியில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வகுக்கப்பட்டிருக்கின்றன: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்பது பற்றி வருத்தும் தெய்வம்; இறை என்பது அரசன் முதலிய, நம்மைத் தண்டிக்கும் உரிமை உடையவர்கள். மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும் இடங்களும் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறிய பெரியதும், அதன் முன்னே நாம் உணரும் சிறுமையும், இதுவரை கண்டிராத புதுமையும் மருட்கையின் கணக்கில் சேர்கின்றன. உங்கள் அத்தியாயத்தில் நீங்கள் அடுக்கியவை எல்லாம் இவைதான். அந்தப் பாட்டி சரியாகத்தான் உணர்ந்திருக்கிறார்.

அச்சத்தின் நான்கு இடங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அணங்கு நம்மைப் பற்றிக்கொள்ளும், விலங்கு நம்மைத் தின்ன வரும், கள்வர் நம் பொருளைத் தேடி வருவர், அரசன் நம் குற்றத்தை அறிவான். நான்குக்கும் நம்மீது நோக்கம் இருக்கிறது. ஆழ்விண்வெளி தரும் அச்சம் இந்த நான்கிலும் அடங்காது என்பது என் கருத்து. அதை ஐந்தாவது இடமாக நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்: நம்மீது எந்த நோக்கமும் இல்லாத ஒன்று நம்மை அழிக்கக்கூடும் என்னும் அறிவு. நீங்கள் ஆயிரம் கண்களைத் திறந்து வைத்ததும் அந்த உயிர் அணங்காகிவிட்டது. அணங்குக்குப் பலி கொடுக்கலாம், பாட்டுப் பாடலாம், வேண்டிக்கொள்ளலாம். நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. உங்கள் மொட்டைமாடி இரவில் கண்கள் இருந்தனவா என்று நினைத்துப் பாருங்கள்.


பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் (மார்த்தாண்டம்)

மாணவன் சொன்னது எனக்குப் புதிய செய்தி, மகிழ்ச்சி. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

விண்வெளிக் கதை எழுதுகிறவர்கள் தொலைவை எண்ணாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எண்ணுக்கு யாரும் அஞ்சுவதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்: ‘கோடி கோடி கிலோமீட்டர்’ என்றவுடன் மாணவனின் கண்ணில் ஒளி அணைந்துவிடும். அதையே காத்திருக்கும் நேரமாக மாற்றிச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவான். 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் இன்று சுமார் 2,500 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதற்கு ஒரு கட்டளை அனுப்பினால் போய்ச் சேர 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடை வர மீண்டும் அவ்வளவு நேரம். 2023 நவம்பரில் அது திடீரென்று பொருளற்ற தரவை அனுப்பத் தொடங்கியது. அறிவியல் செய்தியோ கலத்தின் நலம் பற்றிய செய்தியோ வரவில்லை; ஒன்றும் சுழியுமாக ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் ஒரு கேள்வி கேட்பதும், ஏறத்தாழ இரண்டு நாள் காத்திருப்பதும், அடுத்த கேள்வி கேட்பதுமாக ஐந்து மாதங்கள் கழிந்தன. நினைவகச் சில்லு ஒன்று பழுதாகியிருந்தது என்று கண்டறிந்து, அதில் இருந்த நிரலை வேறு இடங்களுக்குப் பிரித்து மாற்றியபின், 2024 ஏப்ரலில்தான் கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது.

அந்த ஐந்து மாதங்கள்தான் உங்கள் கதை என்று எனக்குத் தோன்றுகிறது. கலம் உயிரோடு இருக்கிறது, பேசிக்கொண்டே இருக்கிறது, ஆனால் பேசுவது யார் என்று தெரியவில்லை. இதில் எந்த உயிரும் இல்லை, ஆனாலும் முதுகு சில்லிடுகிறது.

வெறுமையையும் பயன்படுத்துங்கள். பூட்டீஸ் விண்மீன் குழுவின் திசையில் ஒரு பெருவெற்றிடம் இருப்பதை ராபர்ட் கிர்ஷ்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981இல் அறிவித்தார்கள். அதன் குறுக்களவு ஏறத்தாழ 33 கோடி ஒளியாண்டுகள். அந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய விண்மீன் மண்டலங்களில் சில பத்துகள் மட்டுமே காணப்படுகின்றன. நமது பால்வழி மண்டலம் அந்த வெற்றிடத்தின் நடுவில் இருந்திருந்தால், வேறு மண்டலங்கள் இருக்கின்றன என்பதையே 1960கள் வரை நாம் அறிந்திருக்க மாட்டோம் என்று வானியலாளர் கிரெக் ஆல்டெரிங் சொல்லியிருக்கிறார். அங்கே பிறந்த ஒரு மனிதனை எண்ணிப் பாருங்கள். அவனுடைய வானத்தில் அவன் வீடு மட்டுமே இருக்கும். அதைப் பிழை என்று அறிவதற்கு நெடுங்காலம் அவனுக்கு எந்த வழியும் இருக்காது.

மற்றொன்று கருந்துளை. பெரும்பாலான கதைகளில் அதை அலறும் சுழலாகக் காட்டுகிறார்கள். 2019இல் நிழற்படம் வெளியான எம் 87 மண்டலத்துக் கருந்துளையின் நிறை ஏறத்தாழ 650 கோடி சூரியன்களுக்குச் சமம். அவ்வளவு பெரிய கருந்துளையில் நிகழ்வெல்லையைத் தாண்டும்போது கலத்தில் இருப்பவர்களுக்கு உடலில் எந்த இழுவிசை வேறுபாடும் தெரியாது. மணி அடிக்காது, விளக்கு அணையாது, தட்டில் இருக்கும் சோறு சிதறாது. உண்டுகொண்டிருக்கும்போதே திரும்ப முடியாத கோட்டைத் தாண்டியிருப்பார்கள். எல்லைக்கு வெளியே தொலைவில் நின்று பார்ப்பவருக்கோ, அவர்கள் மெல்ல மெல்லத் தாமதித்து, சிவந்து மங்கி, எல்லையைத் தொடாமலே மறைவதாகத் தோன்றும். இரண்டு பார்வையும் உண்மைதான். ஒரு குடும்பத்தை இந்த எல்லையின் இரண்டு பக்கத்திலும் நிறுத்திப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். வெற்றிடச் சிதைவு என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. 1980இல் கோல்மனும் டி லூசியாவும் அதை ஈர்ப்பு விசையோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். நாம் வாழும் வெற்றிடம் நிலையற்றதாக இருந்தால், எங்கோ ஒரு புள்ளியில் தோன்றும் குமிழி ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் விரிந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்பது அதன் சாரம். இளம் எழுத்தாளர்கள் பலருக்கு இதன்மீது ஆசை இருக்கிறது. ஆனால் அது வரும் செய்தியும் அதுவும் ஒன்றாகவே வந்து சேரும் என்பதால், அஞ்சுவதற்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. காத்திருக்க நேரம் கொடுக்காத அழிவைக் கொண்டு கதை எழுத முடியாது.


பதில்: வள்ளவிளைக் கடலோடி

நான் கதை எழுதுகிறவன் இல்லை, வாசிக்கிறவன். தூத்தூர் பகுதியில் ஆழ்கடல் தூண்டில் படகில் பதினெட்டு ஆண்டுகள் போனவன். விண்வெளியைக் கடலோடு ஒப்பிட்டு எழுதும் கதைகளைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

கரை தெரியும் வரை எங்களுக்கு அடையாளங்கள் உண்டு. இந்த மலையும் அந்தக் கோயில் கோபுரமும் ஒரே நேரில் வந்தால் இன்ன பார் (கடலடிப் பாறைத்திட்டு) என்று அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். கரை மறைந்தபின் நீரின் நிறம், நீரோட்டம், காற்று, பறவை என்று வேறு அடையாளங்கள் வரும். முப்பது நாற்பது நாள் கடலில் கிடக்கும்போதும் அது எங்களோடு ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருக்கும். நாங்களும் பேசுவோம். மீன் கிடைக்காத நாளில் கடலைத் திட்டியிருக்கிறேன். கிடைத்த நாளில் முத்தமிட்டும் இருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னால் சுமத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. அப்போது எங்கள் கரையோரம் முழுவதும் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளின் அமைதியில் இருந்தது. அலை புறப்பட்டுவிட்டது, எங்களுக்குத் தெரியாது. திருப்பலிக்குப் போனோம், வலை சரிசெய்தோம், பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள். வந்துசேரச் சில மணி நேரம் இருந்தது. அந்தச் சில மணி நேரத்தைத்தான் இன்றும் நான் நினைத்து அஞ்சுகிறேன். அலையை அவ்வளவாக நினைப்பதில்லை.

கள்ளக்கடல் என்று ஒரு சொல் எங்களிடம் இருக்கிறது. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். ஆனால் கடல் பொங்கி ஊருக்குள் ஏறிவிடும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தென்பெருங்கடலில் வீசிய புயல் எழுப்பிய அலை, சில நாள் கழித்து எங்கள் கரைக்கு வந்து சேர்வதுதான் அது என்று அறிவியல் சொல்கிறது. 2012இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. மாணவன் தம்பி எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கோ யாரும் இல்லாத இடத்தில் வீசிய காற்றுக்கு எங்கள்மீது என்ன பகை? ஆனாலும் எங்கள் முன்னோர் அதற்குக் கள்ளன் என்று பெயர் வைத்தார்கள். திருட வந்தவன் என்று சொல்லிவிட்டால் அவனை ஏசலாம், வழி மறிக்கலாம். நோக்கமே இல்லாமல் வந்தது என்பதைத் தாங்க முடியாமல்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2017 நவம்பர் முப்பதாம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது என் அண்ணன் கடலில் இருந்தார். எச்சரிக்கை ஆழ்கடல் படகுகளுக்கு எட்டவில்லை; வயர்லெஸ் அவ்வளவு தூரம் போகாது. பதினோராம் நாள் அவருடைய படகு வேறு மாநிலத்துத் துறைமுகம் ஒன்றில் ஒதுங்கியது என்று செய்தி வந்தது. அந்தப் பத்து நாள் எங்கள் அம்மா கடற்கரையில் உட்கார்ந்து கடலை ஏசிக்கொண்டே இருந்தார். “என் பிள்ளையைத் தா” என்று மண்ணை வாரி வீசினார். பக்கத்து வீட்டாருக்குப் பதினோராம் நாள் வரவே இல்லை. அவர்களும் ஏசினார்கள், இன்றும் ஏசுகிறார்கள். ஏசுவதற்குக் கடல் எதிரே இருக்கிறது.

உங்கள் கலத்தில் இருக்கும் ஒன்பது பேருக்கு எதிரே என்ன இருக்கிறது? யாரை ஏசுவார்கள்? அதை எழுதுங்கள். ஆயிரம் கண் உள்ள ஒன்றை எதிரே நிறுத்தினால் அவர்களுக்கு நீங்கள் பெரிய ஆறுதலைக் கொடுத்துவிடுகிறீர்கள்.


பதில்: சுசீந்திரத்து வாசகி

கடலோடி அண்ணன் எழுதியதைப் படித்தபின் நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஒரு சிறு செய்தியை மட்டும் சேர்க்கிறேன்.

எங்கள் ஊரில் மார்கழித் தேரோட்டமும் மறுநாள் ஆருத்ரா தரிசனமும் எவ்வளவு பெரியவை என்று எல்லோருக்கும் தெரியும். வானில் அந்தத் திருவாதிரை ஒரு சிவந்த பெருமீன். அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் சுற்றுப்பாதையும் அதற்குள் அடங்கிவிடும். 2019 இறுதியில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கியபோது, வெடிக்கப் போகிறதோ என்று உலகெங்கும் பேசினார்கள்; அது உமிழ்ந்த தூசுதான் ஒளியை மறைத்தது என்று பிறகு கண்டறிந்தார்கள். ஒருநாள் அது வெடிப்பது உறுதி. அதன் ஒளி நம்மை அடைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பதால், இந்த மார்கழியில் நாம் கும்பிடும் மீன் அங்கே இருக்கிறதா என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. நான் இதை அறிந்தபின்னும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் கும்பிடும்போது ஒரு கணம் கை தயங்குகிறது. பாட்டியின் கைகூப்பலை உங்கள் கதையிலிருந்து நீக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கலத்தில் ஒருவர் கைகூப்பட்டும். கூப்பிய கை அந்தரத்தில் நிற்கட்டும்.


கேள்வி கேட்டவர்: பழையாற்றங்கரை

உங்கள் நால்வருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு இரவுகள் உட்கார்ந்து அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். கண்களை எடுத்துவிட்டேன், கைகளையும் எடுத்துவிட்டேன், இறுதியில் அந்த உயிரையே எடுத்துவிட்டேன். விண்மீன்கள் மறைவது மட்டும் இருக்கிறது. எது மறைக்கிறது என்று கலத்தில் யாருக்கும் தெரியாது. அது அவர்களை நோக்கி வரவில்லை, விலகியும் போகவில்லை. ‘பஃறுளி’ ஒரு செய்தியைப் பூமிக்கு அனுப்புகிறது: “முன்னால் விண்மீன்கள் இல்லை. உங்களுக்குத் தெரிகின்றனவா?” அதற்குப்பின் பேச ஒன்றும் இல்லாமல் வாழ்க்கை தொடர்கிறது. சமையற்கட்டில் பணிபுரியும் மூதாட்டி, மூன்று ஒளியாண்டு போகவும் மூன்று ஒளியாண்டு வரவும் என்று கணக்கிட்டு, விடை வர வேண்டிய ஆறாவது ஆண்டின் நாளைச் சுவரில் குறித்து வைக்கிறாள். ஒவ்வொரு நாளும் காலையில் பூமி இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்புகிறாள்.

கடலோடி அண்ணன் சொன்னதற்கு மட்டும் என்னிடம் இன்னும் விடை இல்லை. அவர்கள் யாரை ஏசுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பக்கங்களை எழுதும்போது கை நடுங்கியது. குழாயைப் பிடித்த இரவுக்குப் பிறகு இப்போதுதான் அப்படி ஒரு நடுக்கம்.


பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் (மார்த்தாண்டம்)

மிக நன்றாக இருக்கிறது. ஒரு கணக்குப் பிழை மட்டும் இருக்கிறது, அதைத் திருத்திவிட வேண்டாம் என்றே சொல்வேன்.

செய்தி பூமியை அடைய மூன்று ஆண்டுகள் ஆகும் என்பது சரி. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் கலம் நின்றுகொண்டிருக்காது, மேலும் 0.3 ஒளியாண்டு விலகிப் போயிருக்கும். விடை புறப்பட்டபின்னும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே விடை 3.3 ஒளியாண்டு இடைவெளியை, ஓடும் கலத்தைத் துரத்தியபடி கடக்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு எட்டு மாதம் ஆகும். மொத்தம் ஆறு ஆண்டு எட்டு மாதம். இந்த வேகத்தில் கலத்தின் கடிகாரம் பூமியின் கடிகாரத்தை விட அரை விழுக்காடு மெதுவாக ஓடும் என்பதால், அதில் பன்னிரண்டு நாள் குறையும்.

கலத்தின் பொறியாளர்களுக்கு இது முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். மூதாட்டிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சுவரில் குறித்த நாள் வரும், கடந்து போகும், அதன்பின்னும் எட்டு மாதங்கள் அவள் ஒவ்வொரு காலையும் எழுந்து அதே திசையில் நிற்பாள். அந்த எட்டு மாதங்களுக்குத் தனி அத்தியாயம் கொடுங்கள்.